விரல் குறைந்த சேவல்

கூவும் கொடியை உயர்த்தியவனே, குன்றின்மேல் நின்று எங்கள் ஊரின் ஓட்டுக் கூரைகளை நோக்குகிறவனே, ஈரமண்ணில் பதிந்த ஒரு குஞ்சின் கால்தடத்தையும் மறவாதவனே, எழுதத் துணிந்த இந்தக் கைக்கு நீயே துணையிரு.

மாசித் திங்கள், வளர்பிறை, கிருத்திகை கூடிய நன்னாள். அன்று வெயில் தணிந்த வேளையில், வீட்டுக்குள் வளர்ந்துவந்த ஆறு கோழிக்குஞ்சுகளைக் கொல்லைப்புறக் கூண்டுக்குக் குடியேற்றினோம். நாள் பார்த்துச் சொன்னவள் நான். அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவள் என் மருமகள்.

"கோழிக்கு கிரகப்பிரவேசமா அத்தை? பால் காச்சணுமா? சொந்தக்காரங்களுக்கு பத்திரிகை வெச்சுட்டு வரட்டுமா?"

"சிரிக்காதம்மா. சாமிக்குப் போற உயிரு."

சாமிக்குப் போகும் உயிர் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

என் கணவர் பட்டுத்தறியில் அமர்ந்து குடும்பத்தைக் காத்தவர். இன்றும் அமர்கிறார். எங்கள் மகன் வேலூரில் வேலை பார்க்கிறான். காலையில் பேருந்து ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். ஆதலால் பகலெல்லாம் வீட்டில் நாங்கள் மூவரே. அவர் தறியில், மருமகள் ராட்டையில், நான் அடுக்களைக்கும் பூசையறைக்கும் நடுவில். என் வாயில் ஏதேனும் ஒரு பழம்பாடல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருக்கோயிலில் ஓதுகிற பெண்களில் மூத்தவள் நான். அடி மறந்தால் மற்றவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் மறந்தால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. அதனால் மறக்காதிருக்க வேண்டி நாள் முழுவதும் முணுமுணுப்பேன்.

சென்ற ஆடி மாதத்தில் அவர் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. வலக்கை கயிற்றை இழுத்தால்தான் ஊடிழை சுமந்த நாடா இப்புறமும் அப்புறமும் ஓடும். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற சேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், வீட்டில் யாரும் உரத்துப் பேசவில்லை. அப்போது ஒரு கிருத்திகையன்று நான் பூசையறையில் இருக்க, வாசற்படியில் நின்றபடியே அவர் வேண்டிக்கொண்டார். தம் வாயால் எதையும் வேண்டாதவர் அவர். வேண்டுகிற வேலையை எனக்கே விட்டிருந்தார்.

"மறுபடியும் என்னைத் தறியில உக்கார வெச்சுடு. என் கையால வளத்த சேவல உன் மலையில கொண்டாந்து விடறேன். வர்ற வைகாசி விசாகத்துக்கு விடறேன்."

எலும்பு கூடியது. சற்றே கோணலாகக் கூடியது. கையை நீட்டினால் மணிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஆனாலும் கார்த்திகை தீபத்துக்கு முன்பே அவர் தறியில் அமர்ந்துவிட்டார். நாடா ஓடும் ஓசை மீண்டும் கேட்ட அன்று நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

வேண்டுதலைச் செலுத்துவதே மிச்சமிருந்தது. கடையில் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போய் விடுவது எளிது. ஆனால் 'என் கையால் வளர்த்த' என்று சொல்லிவிட்டாரே. சொன்ன சொல்லில் ஓர் எழுத்தையும் குறைக்க அவருக்கு மனம் வராது. ஆகவே மார்கழி பிறந்ததும் கண்ணமங்கலம் சென்று, வீட்டிலேயே அடைவைத்துக் குஞ்சு பொரிக்கும் ஒருவரிடம் நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தார்.

"இதுல சேவல் எது?" என்று நான் கேட்டேன்.

"நானும் அதையேதான் கேட்டேன். பொறந்த குஞ்சுல அது யாருக்குத் தெரியும் பெரியவரே, ஆறா எடுத்துக்கினு போங்க, ஒண்ணாச்சும் தேறும்னுட்டாரு."

மூங்கில் கூடையைத் திறந்தார். கைக்குள் அடங்கும் ஆறு உயிர்கள். ஒன்று கருமை, இரண்டு பழுப்பு, மற்றவை வெளிர் மஞ்சள். மார்கழிக் குளிரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று கத்தின. தொலைக்காட்சிப் பெட்டி வந்த பழைய அட்டைப்பெட்டியை மருமகள் தேடியெடுத்தாள். மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தில் குஞ்சுகள் விழுந்துவிடாதபடி கூழாங்கற்களைப் பரப்பினாள். மாமிசம் உண்ணாத இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் அவள். தாய்வீட்டில் கோழி வளர்த்த பழக்கமும், கோழி தின்ற பழக்கமும் அவளுக்கு உண்டு.

"கீழ இன்னா போடறது?" என்று அவள் கேட்டாள்.

அந்த இடத்தில்தான் நாங்கள் பிழை செய்தோம். பட்டு நெய்கிற வீட்டில் அல்லாமல் வேறெங்கும் அப்பிழை நேர்ந்திராது.

தறியடியில் ஒரு சாக்கு நிறையக் கழிவுப் பட்டு இருந்தது. அறுந்த இழைகளும் முனை வெட்டிய துண்டுகளும் சேர்ந்து பஞ்சுபோல் கிடந்தன. அப்போது தறியில் ஓடியது ஒரு முகூர்த்தச் சேலை, நல்ல மஞ்சள். அவர் இரு கையாலும் அந்த மஞ்சள் பட்டை அள்ளி வந்து பெட்டியில் பரப்பினார். நானோ உருகிப்போனேன். நான் ஓதும் பாடல்களில் அவன் கொடியில் நின்று இருளை விரட்டும் பறவை அல்லவா? அதற்குப் பட்டு மெத்தை விரிப்பதைவிடப் பொருத்தம் எது என்று எண்ணினேன்.

"கல்யாணப் பொண்ணுக்கு நெய்யிற பட்டுல படுக்குதுங்க. குடுத்து வெச்சதுங்க" என்றார் அவர்.

மருமகள் மட்டும் சற்றுத் தயங்கினாள். "எங்க வூட்ல உமிதான் போடுவாங்க மாமா" என்றாள். "உமி குத்தும்மா" என்று நான் சொன்னதும் அவள் கிண்ணத்தில் நீர் ஊற்றத் திரும்பிவிட்டாள்.

மார்கழி விடியலில் நான் எழுந்து விளக்கேற்றி ஓதத் தொடங்குவேன். பூசையறைக்கு அடுத்த அறையில் அந்தப் பெட்டி. பாடல் தொடங்கியதும் ஆறு குரல்களும் சேர்ந்து கத்தும். சிறிது நேரத்தில் அடங்கும். என் பாட்டைக் கேட்டு அடங்குவதாக நான் நம்பினேன். தீனி தின்னத் தொடங்குவதால் அடங்குவதாக மருமகள் சொன்னாள்.

ஒரு நாள் காலையில் ஐந்து அடங்கின, ஒன்று அடங்கவில்லை. மெல்லிய குரலில் விட்டுவிட்டுக் கத்தியது. எட்டிப் பார்த்தேன். கறுப்புக் குஞ்சு மற்றவற்றைவிட்டு விலகி, ஒரு காலைத் தூக்கியபடி மூலையில் நின்றது. குளிர் என்று எண்ணிப் பல்பைத் தாழ்த்தினேன். மாலையில் பார்த்தபோது தூக்கிய கால் வீங்கியிருந்தது. மருமகள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முள்ளும் இல்ல, காயமும் இல்ல. ஒண்ணுமே தெரியல அத்தை."

என் கணவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அந்தக் காலைக் கீழிருந்து மேலாகத் தடவினார். தறியில் ஓர் இழை அறுந்தால் அப்படித்தான் தேடுவார். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"நூலு" என்றார்.

மஞ்சள் பட்டிழை. குஞ்சின் காலும் மஞ்சள். வெளிவிரலில் பல சுற்றுச் சுற்றி, ஈரம் பட்டு இறுகி, தோலுக்குள் புதைந்திருந்தது. நாங்கள் விரித்த மெத்தை.

அதன்பின் நடந்ததை நான் அருகிருந்து பார்த்தேன். மருமகள் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் வெதுவெதுப்பான நீரில் அந்தக் காலை ஊறவைத்தார். பிசிர் எடுக்கிற சிறு இடுக்கியையும் ஊசியையும் எடுத்தார். முறிந்து கூடிய வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு, இழையின் முனையைத் தேடினார். கண்டுபிடித்த முனை கையோடு அறுந்தது. மறுபடியும் தேடினார். நான் பாட வாயெடுத்தேன். "இப்ப பாடாதமே, கை அந்தத் தாளத்துக்குப் போவுது" என்றார். நிறுத்திவிட்டு மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசிச் சுற்றும் அவிழ்ந்தபோது குஞ்சு காலை உதறியது. கால் பிழைத்தது. அந்த ஒரு விரல் மட்டும் பிழைக்கவில்லை. கால்நடை மருத்துவர் மருந்து தடவக் கொடுத்தார். இனி அந்த விரல் காய்ந்து தானாகவே விழும் என்றும் சொன்னார். அப்படியே விழுந்தது. அன்றே பட்டு முழுவதையும் வாரி எடுத்துவிட்டோம். மருமகள் அரிசி ஆலைக்குப் போய் ஒரு மூட்டை உமி வாங்கி வந்தாள். எங்கள் ஊர் பட்டுக்கு எவ்வளவு பெயர்பெற்றதோ அரிசிக்கும் அவ்வளவு பெயர்பெற்றது. உமிக்கா பஞ்சம்? அவள் அதைப் பெட்டியில் கொட்டிக் கையால் பரப்பினாள். 'உமி குத்தும்' என்ற என் குரலை நானே கேட்டுக்கொண்டேன்.

தை முழுவதும் குஞ்சுகள் வளர்ந்தன. இறகு முளைத்தது. பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று வீட்டை நோட்டமிட்டன. ஒரு நாள் பழுப்புக் குஞ்சொன்று தறிமேட்டில் ஏறி, நீட்டிக் கட்டிய பாவு நூலின்மேல் நடக்கப் பார்த்தது. நல்லவேளை, அவர் கையை வீசித் தடுத்தார். இனி இவை வீட்டுக்குள் இருக்கலாகாது என்பது அன்றே முடிவாயிற்று. வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கம்பிவலைக் கூண்டு செய்வித்தோம். கீரிப்பிள்ளைக்கும் பூனைக்கும் எட்டாதபடி நான்கு கால் வைத்து, மேலே தகரம் வேய்ந்து, கொய்யா மரத்தடியில் நிறுத்தினோம்.

அதே தை மாதக் கடைசியில்தான் கொண்டைகள் தெரியத் தொடங்கின. ஐந்து குஞ்சுகளின் தலையில் வெளிறிய சிறு கோடு. ஒன்றின் தலையில் மட்டும் சிவந்து தடித்த கொண்டை. அந்த ஒன்று எதுவென்று சொல்லவும் வேண்டுமா?

அவர் அதைக் கையில் எடுத்துக் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆறுல ஒண்ணு சேவல். அதுவும் இதுதானா?"

அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை. மறுநாள் தறியிலும் மனம் செல்லவில்லை. அவருடைய கவலை எனக்கு விளங்கியது. சாமிக்குக் கொடுப்பது குறையற்றதாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் அந்த நியமத்தை வளர்த்தவளே நான்தான். பூப்பறிக்கையில் பூச்சி அரித்த மலரைக் கூடைக்குள்ளேயே விடமாட்டேன். நுனி ஒடிந்த வெற்றிலையைத் தட்டில் வைக்கமாட்டேன். இத்தனை ஆண்டும் அதைப் பார்த்துப் பழகியவர், விரல் குறைந்த ஒரு பறவையை எப்படிக் கொண்டுபோய் விடுவார்? வேறொரு சேவலை வாங்கினால் அது அவர் கையால் வளர்ந்ததாகாது. மீண்டும் குஞ்சு வாங்கி வளர்த்தால் விசாகத்துக்குள் சேவலாகாது. வேண்டுதல் தவறினால், மீண்டும் பெற்ற கையை வைத்துக்கொண்டு தறியில் எப்படி அமர்வது என்பதே அவரை அரித்தது.

"நீ சொல்லுமே. இத விடலாமா, கூடாதா?"

அறிந்த பாடல்களையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, குன்றுக்கோயிலின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டேன்.

"சேவல் விடறதுன்னா றெக்கையைத் தளர்வா கட்டிக்கினு காலையில கொண்டாங்கம்மா. சீட்டு வாங்கிக்கங்க."

"ஒரு விரல் இல்லீங்களே."

"யாருக்கு?"

"சேவலுக்குங்க."

"அம்மா, நாங்க வெரலெல்லாம் எண்றதில்லம்மா" என்றது மறுமுனைக் குரல்.

அவரிடம் சொன்னேன். தலையசைத்தார். முகம் தெளியவில்லை. கோயில் ஏற்கும் என்பது தெரிந்தது. சாமி ஏற்பாரா என்பதல்லவா அவர் கேட்டது?

இந்தக் கலக்கத்தோடுதான் மாசிக் கிருத்திகை வந்தது. கூண்டுக்கு முன்னால் நீர் தெளித்துக் கோலமிட்டேன். மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கோழிக்குக் கோலமா? எங்க வூட்ல கோழி வந்தா மசாலாதான் அரைப்போம்!"

"உங்க வூட்டுக் கோழி அதனாலதான் எங்க வூட்டு மதில் ஏறுது" என்றாள் மருமகள்.

ஒவ்வொரு குஞ்சாக அவரே கையில் ஏந்திக் கொண்டுவந்து கூண்டுக்குள் விட்டார். உள்ளே உமி பரப்பியிருந்தோம். இரவில் அமர்வதற்குக் குறுக்கே ஒரு கட்டை வேண்டும். தறியில் வளைந்துபோனதால் மாற்றி வைத்த பழைய உருட்டுமரம் ஒன்று கிடந்தது. ஆண்டுக்கணக்கில் பட்டு சுற்றிச் சுற்றி வழவழப்பான மரம். அதில் எந்தக் கோழியும் நிற்காது என்று மருமகள் அன்று காலையிலேயே தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி வைத்திருந்தாள். கயிற்றின் முனை ஒன்றும் வெளியே நீட்டாதபடி அவர் இருமுறை தடவிப் பார்த்தார்.

பகல் வெளிச்சம் இருந்தவரை எல்லாம் நன்றாக நடந்தது. பொழுது சாய்ந்ததும் கூச்சல் எழுந்தது. பிறந்தது முதல் குண்டு பல்பின் கீழ் உறங்கியவை, இருட்டைப் பார்த்ததில்லை. அடுக்களை விளக்கு தெரியும் பக்கமாக ஆறும் ஒன்றாய் நெருங்கி, வலையை முட்டிக்கொண்டு கத்தின.

"ஜல்தியா ஒரு ஒயர் இழுத்து பல்பு போட்டுடலாம்" என்றார் அவர்.

"பெரிசாயிடுச்சுங்க மாமா. இன்னிக்கிப் பழகலைன்னா என்னிக்கும் பழகாது" என்றாள் மருமகள்.

மூவரும் கூண்டின் அருகே நின்றோம். கூச்சல் குறைவதாயில்லை. அப்போது கறுப்புச் சேவல் கூட்டத்தை விட்டு விலகிவந்து கட்டையின் அடியில் நின்றது. கழுத்தை நீட்டி மேலே பார்த்தது. எம்பியது. குறைந்த கால் கயிற்றில் பிடிக்காமல் சறுக்கி உமியில் விழுந்தது. மீண்டும் எம்பியது. மீண்டும் விழுந்தது.

அவர் கூண்டின் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார்.

"விடுங்க மாமா. நீங்க தூக்கி வெச்சா நாளைக்கும் நீங்கதான் வெக்கணும்."

கையைப் பின்னிழுத்தார். சேவல் சற்று நேரம் நின்றது. பிறகு நேராக எம்பாமல், பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை முதலில் கட்டையில் வைத்தது. குறைந்த காலின் பின்விரலைக் கயிற்றுச் சுற்றின் இடுக்கில் கொடுத்துக்கொண்டது. இறக்கையை ஒருமுறை அடித்து நிலைகொண்டது. உடல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. ஆனால் விழவில்லை. சிறிது நேரத்தில் பழுப்புப் பெட்டை ஒன்று அதன் பக்கத்தில் ஏறியது. பிறகு மற்றவை. கூச்சல் அடங்கியது.

அவர் வலையைப் பிடித்தபடி நின்றார். "பாவம், கோணலா ஒக்காந்துகினு கீது" என்றார். "இதக் கொண்டுபோய் எப்படிமே அவன் முன்னால விடறது?"

மருமகள் அவர் கையைப் பார்த்தாள். வலையைப் பிடித்திருந்த, ஒரு பக்கம் சாய்ந்த மணிக்கட்டை.

"உங்க கை மட்டும் இன்னா நேராவா கீது மாமா? அந்தக் கையாலதான கும்புட்டுகினு இருக்கீங்க. வேணாம்னு சாமி இன்னிக்கி வரைக்கும் சொல்லுச்சா?"

சொன்ன பிறகுதான் வரம்பு மீறிவிட்டோமோ என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தம் கையைத் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூண்டின் கதவைத் தாழிட்டார்.

மறுநாள் விடியலில் பூப்பறிக்கக் கொல்லைக்குச் சென்றேன். செம்பருத்தியில் முதலில் கைக்கு வந்த மலரின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. வழக்கம்போல விலக்கப் போனேன். கை நின்றது. பிறகு அதையும் கூடையில் இட்டுக்கொண்டேன். அன்று அவன் அடியில் முதலில் வைத்தது அந்த மலரைத்தான். ஓதி முடித்துத் திரும்பினால் அவர் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப விடலாம்ன்ற" என்றார்.

"விடலாங்க" என்றேன்.

தறியின் ஓசை அன்று காலையில் வழக்கத்தைவிட முன்பே தொடங்கியது.

பங்குனியிலும் சித்திரையிலும் சேவல் வளர்ந்தது. கறுப்பில் பச்சை மினுக்கும் வால். முதன்முதலில் கூவ முயன்றபோது தொண்டை அடைத்த பாடகரைப்போலக் கூவிற்று. தெருவே சிரித்தது. சில நாட்களில் குரல் தெளிந்தது. நான் ஓதத் தொடங்குவதற்கு முன் அது கூவும். கூவலைக் கேட்டு நான் எழுந்த நாட்களும் உண்டு.

விசாகத்தன்று மூவரும் பேருந்தில் சென்றோம். சேவலை அவர் மடியில் வைத்திருந்தார். குன்றின் மேல், சீட்டைப் பெற்றுக்கொண்ட கோயில் ஆள் இறக்கையின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். விரலை எண்ணவில்லை. என் கணவர் குனிந்து சேவலைத் தரையில் விட்டார். சேவல் அவர் வேட்டியின் ஓரத்தை ஒருமுறை கொத்திற்று. பிறகு முற்றத்து வேப்பமரத்தடியில் நின்ற மற்றச் சேவல்களை நோக்கி, சற்றே சாய்ந்த நடையில் சென்றது. அபிடேக நீர் ஓடி ஈரமாகக் கிடந்த மணலில் அதன் தடம் விழுந்தது. ஒரு கால் நிறைவாக, ஒரு கால் குறைவாக. அவர் கோணல் மணிக்கட்டோடு கை குவித்து நின்றார். தடம் மரத்தடி வரை சென்று மற்றத் தடங்களோடு கலந்தது.

வீடு திரும்பியபோது மாலை. கூண்டில் ஐந்து பெட்டைகளும் கட்டையில் ஏறியிருந்தன. ஓரத்தில் சேவல் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. மருமகள் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பினாள். அவர் கதவைத் தாழிட்டுவிட்டு, "நாளைக்கு நம்மள யாரு எழுப்பறதுமே?" என்று கேட்டார். "நான் பாடறனே, போதாதா?" என்றேன்.

இதைப் படித்த நீங்கள் எல்லோரும் நலம் பெறுக. உங்கள் கைகள் வேலையில் நிலைக்க, உங்கள் வாக்கு தவறாதிருக்க, உங்கள் வீட்டின் சிற்றுயிர்கள் இரவில் அஞ்சாது உறங்குக. நீங்கள் கொண்டுசெல்வது குறையுடையதாயினும், அதை மறுக்காத வாசல் ஒன்று உங்களுக்கு என்றும் திறந்திருக்குமாக.